பாதியில் விட்ட வாக்கியமும் ஆறாம் வகுப்பு அறிவியலும்

1

ஷரீபா அக்காவின் குரல் செய்தி நான்கு நிமிடம் ஓடியது. காரைக்காலில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அவருடையது. கணவர் பல வருடங்களாகப் பாரிசுக்கு வெளியே ஒரு மளிகைக் கடையில் வேலை பார்க்கிறார். குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் காகிதம் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. மகள் நஸ்ரின் நவம்பரில் இங்கே ஆறாம் வகுப்பில் சேரப் போகிறாள்.

“கயலு, நல்லாருக்கியாமா? நம்ம நஸ்ரினுக்கு சயின்ஸ்னா உசுரு. நீ அங்க சயின்ஸ் டீச்சராத்தானே இருக்கே. அந்தக் கிளாசு எப்புடி இருக்கும், என்ன கேப்பாங்க, என்னென்ன வாங்கிக் குடுக்கணும், எல்லாத்தையும் எழுதி அனுப்பு. வாயால சொல்லாதே, எனக்கு நிக்காது. அப்புறம் இன்னொண்ணு. அங்க ஆறாவது முடிச்சா அடுத்தது அஞ்சாவதாமே? இவ வாப்பா சொன்னதுலேருந்து எனக்குத் தூக்கமே வரல. புள்ளைய வருசா வருசம் பெயிலாக்கிக் கீழ எறக்குவாங்களா?”

பேருந்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண்மணி தன் பையை இன்னும் கொஞ்சம் நெருக்கி அணைத்துக்கொண்டார்.

இல்லை அக்கா, பெயிலாக்கமாட்டார்கள். இங்கே வகுப்புகளைப் பின்னாலிருந்து எண்ணுகிறார்கள். ஆறு, ஐந்து, நான்கு, மூன்று என்று நான்கு வருடம். ராக்கெட் விடுவதற்கு முன் எண்ணுவார்களே, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். இந்த நான்கு வருடப் பள்ளிக்குப் பெயர் கொலேஜ். அதற்காக நஸ்ரின் பதினோரு வயதில் காலேஜ் போகிறாள் என்று தெருவில் சொல்லிவிடாதீர்கள்.

இந்த வாரத்தோடு நான் அப்படியொரு கொலேஜின் அறிவியல் அறைக்குள் முதல்முறை நுழைந்து ஒரு வருடம் ஆகிறது. அக்காவுக்கு ஒரு பக்கத்தில் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஊரில் வேறு சிலரும் இதே கேள்வியைக் கேட்டிருப்பதாலும், அந்த அறையில் என் வேலையே போகப் பார்த்த கதை ஒன்று இருப்பதாலும் கொஞ்சம் நீண்டுவிட்டது.

2

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவோடு சேர்ந்தபோது தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர். அந்த ஒரு கையெழுத்தை வைத்துக்கொண்டு நான் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்த கையோடு விமானம் ஏறினேன். குடியுரிமை கையில் இருந்தாலும் காகிதம் என்னை விடவில்லை. என் பிறப்புச் சான்றிதழில் குடும்பப் பெயர் கிடையாது. ஓர் எழுத்து, ஒரு புள்ளி, பிறகு கயல்விழி. “இந்த ‘எஸ்’ என்பது யார்?” என்று கவுன்டரில் இருந்தவர் கேட்டார். “என் அப்பா” என்றேன். அவர் என்னை அனுதாபத்தோடு பார்த்தார், ஒரு மனிதரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிட்டோமே என்பதுபோல. நான்கு அலுவலகம் ஏறி இறங்கி அப்பா முழுப் பெயரானார். இப்போது பள்ளியில் என் பெயர் மதாம் சேகர். தினமும் நூறு பிள்ளைகள் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதில் காரைக்கால் மின்துறை அலுவலகத்தில் அப்பாவுக்கு ஒரே பெருமை.

வேலை, ஒப்பந்த ஆசிரியை. வருடத்துக்கு ஒரு ஒப்பந்தம். கல்வித்துறை ஆய்வாளர் வந்து வகுப்பைப் பார்த்து எழுதுவதைப் பொறுத்து அடுத்த வருடம்.

இனி நஸ்ரினுக்கு.

மணி அடித்ததும் பிள்ளைகள் வகுப்புக்குள் ஓட முடியாது. முற்றத்தில் வரிசையில் நிற்க வேண்டும். ஆசிரியர் போய்க் கூட்டிவர வேண்டும். உள்ளே வந்ததும் நாற்காலிக்குப் பின்னால் நிற்க வேண்டும். உட்காரச் சொன்ன பிறகுதான் உட்காரலாம். பருத்தித் துணியில் ஒரு வெள்ளை அங்கி கட்டாயம். (நைலான் வேண்டாம் அக்கா, அடுப்பு பக்கத்தில் நிற்பார்கள்.) நீளமாக முடி இருந்தால் கட்டிக்கொள்ள ஒரு ரப்பர் பேண்டு. நான்கு நிற மை உள்ள ஒரே பேனா. இதை மட்டும் மறக்கவே கூடாது. ஏனென்றால் ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் பாதி இதுதான்: “மதாம், தலைப்பை எந்தக் கலரில் எழுதணும்?” “மதாம், ஒரு வரி விட்டு எழுதணுமா?” பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று நான் உணர்ச்சியோடு சொல்லி முடிக்கும்போது கை ஒன்று உயரும். ஆகா, பிரபஞ்சத்தைப் பற்றி ஒரு கேள்வி வருகிறது என்று திரும்புவேன். “மதாம், இதுக்குக் கீழே கோடு போடணுமா?”

பாடம் என்றால் பெரும்பாலும் கைவேலை. மணலும் உப்பும் கலந்த தண்ணீரை வடிகட்டுவது, பயறு முளைக்க வைப்பது, பனிக்கட்டி உருகும்போது ஒவ்வொரு நிமிடமும் வெப்பநிலை குறிப்பது. நான்கு பேருக்கு ஒரு தட்டு, தட்டில் ஒரு தெர்மாமீட்டர், ஒரு பீக்கர். முதல் நாள் அலமாரியைத் திறந்து அங்கே அடுக்கியிருந்த தெர்மாமீட்டர்களை எண்ணினேன், நம்பாமல் மறுபடியும் எண்ணினேன்: பதினான்கு. எங்கள் பள்ளியில் ஒன்றே ஒன்று இருந்தது. அதுவும் பூட்டிய பீரோவில், பஞ்சில் சுற்றி, பாஸ்போர்ட் மாதிரி.

3

காரைக்காலில் என் ஏழாம் வகுப்பை நினைத்தால் முதலில் காதில் கேட்பது சத்தம்தான். எங்கள் பள்ளி பெரிய சாலையை ஒட்டியது. கீழவாஞ்சூர் துறைமுகத்துக்குப் போகும் லாரி கடக்கும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். ‘அதிர்வு என்றால் என்ன’ என்ற பாடத்துக்கு ஆய்வுக்கருவி வேண்டியிருக்கவில்லை. டீச்சர் கையை உயர்த்தி “இப்ப பாரு” என்பார், லாரி வரும். அந்தச் சத்தத்தையும் மீறி அறுபது பேரைக் கட்டிப்போட அவருக்கு இருந்தது ஒரே உத்தி. நீங்கள் எல்லோரும் அந்த உத்தியில் வளர்ந்தவர்கள்தான், அதனால் கவனித்தே இருக்கமாட்டீர்கள்.

“பச்சைத் தாவரங்கள் சூரிய ஒளியில உணவு தயா...?”

“ரிக்கும்!”

“தயாரிக்கும்போது வெளிய விடுற வாயு ஆக்சி...?”

“ஜன்!”

வாக்கியத்தை டீச்சர் முடிக்கவே மாட்டார். கடைசிச் சொல்லின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, குரலை ஒரு படி தூக்கி, நம்மைப் பார்ப்பார். அறுபது வாய் சேர்ந்து கதவைத் திறக்கும். தூங்குகிறவனும் சொல்வான். பாடம் புரியாதவனும் சொல்வான். தெரியாவிட்டால் பக்கத்துப் பையனின் முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு மீதியில் சேர்ந்துகொள்ளலாம். அதில் ஒரு சுகம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். தவறாகச் சொல்லவே முடியாத ஒரு பாதுகாப்பு.

என் தங்கை யாழினி இப்போது பி.எட். படிக்கிறாள். திருநள்ளாறு பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் பயிற்சிப் பாடம் எடுக்கிறாள். அவளிடம் இதைப் பற்றிக் கேட்டேன்.

“உங்க காலேஜ்ல இதைச் சொல்லிக் குடுக்குறாங்களாடி?”

“எதை?”

“பாதியில வுட்டுட்டுப் பசங்களை முடிக்க வைக்கிறது.”

“இதையெல்லாம் யாருக்கா சொல்லிக் குடுப்பா? வாயைத் தொறந்தா தானா வருது.”

அதுதான் சிக்கல். வாயைத் திறந்தால் தானாக வந்தது. எனக்கும்.

4

முதல் நாள், முதல் பாடம், கலவைகள். இருபத்தெட்டு பிள்ளைகள். பிரெஞ்சில்தான் பேசினேன், அதை இங்கே தமிழில் எழுதுகிறேன். நாம் சுவாசிக்கும் காற்றில் நைட்ரஜன் இருக்கிறது, ஆக்சிஜன் இருக்கிறது, இன்னும் பல வாயுக்கள் இருக்கின்றன என்று சொல்லிக்கொண்டே வந்து, குரலை ஒரு படி தூக்கினேன்.

“ஆகவே காற்று என்பது ஒரு கல...?”

நிசப்தம்.

இருபத்தெட்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். முன் வரிசையில் இருந்த ஒரு பையனின் முகத்தில் ஆழ்ந்த இரக்கம் தோன்றியது. மெல்லக் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி எனக்கு மட்டும் கிசுகிசுத்தான்: “கலவையா மதாம்?” வெளிநாட்டிலிருந்து வந்த பாவப்பட்ட ஆசிரியைக்கு வார்த்தை மறந்துவிட்டது, கைகொடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறான். நல்ல பிள்ளை.

நான் விடாமல் இன்னொரு முறை முயன்றேன். “கடல் தண்ணீரில் உப்பு கரைந்திருக்கிறது. ஆகவே கடல் தண்ணீரும் ஒரு கல...?”

“வை!”

கடைசி வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல். சத்தமாக, சரியான தாளத்தில், யோசிக்காமல் வந்த குரல். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. சுருள் முடியைத் தூக்கிக் கட்டியிருந்த ஒரு பெண் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். பெயர்ப் பட்டியலில் பார்த்தேன்: மீரா.

மணி அடித்ததும் அவளை நிறுத்தி, “தமிழாம்மா நீ?” என்றேன்.

“எனக்குப் புரியவில்லை மதாம்” என்றாள் பிரெஞ்சில், கதவையே பார்த்துக்கொண்டு. தோழிகள் இரண்டு பேர் வெளியே காத்திருந்தார்கள்.

நானும் பிரெஞ்சுக்கு மாறினேன். “அப்படியானால் எப்படி முடித்தாய்?”

தோளைக் குலுக்கினாள். “அம்மா சனிக்கிழமை ஒரு தமிழ் வகுப்புக்கு அனுப்புறாங்க. அங்கே இருக்கிற மிஸ்ஸும் இப்படித்தான் நிறுத்துவாங்க. நாங்க முடிக்கணும். முடித்தால்தான் வீட்டுக்கு விடுவாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “மற்றவர்கள் முன்னால் என்னிடம் அந்த மொழியில் பேசாதீங்க, தயவுசெய்து” என்றாள்.

அவளுடைய தாத்தா காரைக்கால்காரர் என்று பிறகு பெற்றோர் கூட்டத்தில் தெரிந்தது. அவளுக்குத் தமிழ் எழுத்து பாதி தெரியாது. சாப்பாட்டுப் பெயர்களும் திட்டுகளும் வீட்டில் பேசும் சில வாக்கியங்களும் தெரியும். அதற்கு மேல் அவளிடம் மிச்சமிருந்தது, பாதியில் நிற்கும் வாக்கியத்தைக் கேட்டால் உடனே முடிக்கும் அனிச்சைச் செயல் ஒன்றுதான். அதுவே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று நினைத்துச் சிரித்தேன். அது என்னையும் காட்டிக்கொடுக்கும் என்று அப்போது தெரியவில்லை.

5

ஆய்வாளர் பிப்ரவரியில் வந்தார். மெல்லிய உருவம், சாம்பல் நிறக் கோட்டு. கடைசி மேசையில் உட்கார்ந்து ஐம்பத்தைந்து நிமிடமும் எழுதிக்கொண்டே இருந்தார். எனக்குப் பாடம் நன்றாகப் போனதாகவே பட்டது. பதற்றத்தில் வழக்கத்தைவிட அதிகமாகப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன் போலிருக்கிறது. மீரா அன்றைக்குக் காய்ச்சலில் வரவில்லை. ஒவ்வொரு முறையும் நிசப்தம்தான் பதில் சொன்னது.

இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது. பாட அறிவு நன்று. ஆர்வம் நன்று. பிறகு இந்த வரி: ‘ஆசிரியை பல இடங்களில் தம் வாக்கியத்தின் முடிவைக் கண்டடையத் தவறுகிறார். பேச்சு மொழியின் தேர்ச்சி உறுதிப்படுத்தப்பட வேண்டும். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது குறித்து இரண்டாவது வருகைக்குப் பிறகே கருத்துக் கூற இயலும்.’

அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. என் பிரெஞ்சில் குறை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். எழுபதுக்கு மேல் எண் சொல்லும்போது தடுமாறுவேன். தொண்ணூற்றேழு என்பதை இவர்கள் ‘நாலு இருபது, பத்து, ஏழு’ என்று கட்டுகிறார்கள். வெப்பநிலை வாசிக்கும் வகுப்பில் அது ஒரு மலையேற்றம். ஆனால் வாக்கியத்தை முடிக்கத் தெரியாதவள் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. காரைக்காலில் எங்கள் வீட்டில் பிரச்சினையே நான் பேச்சை நிறுத்தவே மாட்டேன் என்கிறேன் என்பதுதான்.

பக்கத்து அறை ஆசிரியை சோலேன் அறிக்கையைப் படித்துவிட்டுக் கேட்டாள். “நீ வேண்டுமென்றே நிறுத்துகிறாயா, இல்லை சொல் மறந்து நிறுத்துகிறாயா?”

“இரண்டும் இல்லை. எங்கள் ஊரில் அப்படித்தான்.”

“எதற்காக?”

எதற்காக? நான் அதை யோசித்ததே இல்லை. “எல்லோரும் சேர்ந்து சொல்வதற்காக” என்றேன்.

“எல்லோரும் சேர்ந்து ஒரே பதிலையா?” சோலேன் நக்கலாகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

யாழினிக்குத் தொலைபேசினேன்.

“இதுக்காக்கா வேலையப் புடுங்குவாங்க? நீ எழுதிப் போடு. இது எங்க ஊர் முறைன்னு பெரிய லெட்டரா எழுதிப் போடு.”

“முறைன்னா என்ன முறைடி? பேர் இருக்கா? புத்தகத்துல இருக்கா?”

“பேரா... ‘பாதிவிடு முறை’ன்னு நீயே ஒண்ணு வையேன். அவங்களுக்குத் தெரியவா போவுது?”

பின்னால் அப்பாவின் குரல். “என்னவாம்? ஒப்பந்தம் இல்லேன்னா இங்க வந்துறச் சொல்லு. திருநள்ளாத்துல லாட்ஜ் ரிசப்ஷனுக்குப் பிரெஞ்சு தெரிஞ்ச பொண்ணு கேக்குறாங்க.”

“எந்தப் பிரெஞ்சுக்காரன்ப்பா சனிப்பெயர்ச்சிக்கு வரான்?” என்றாள் யாழினி.

சிரித்துவிட்டு வைத்தேன். வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. ஒப்பந்தம் போனால் வீட்டு வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க முடியாது, அது ஒரு பக்கம். அதைவிட, அந்த அலமாரியில் அடுக்கியிருக்கும் தெர்மாமீட்டர்களை விட்டுப் போக எனக்கு மனமில்லை. பன்னிரண்டு வயதில் ஒரு தெர்மாமீட்டரைக் கையில் வாங்க ஆசைப்பட்டவள், இப்போது பதினான்கை வினியோகம் செய்கிறாள். விடுவாளா?

6

ஆகவே வாக்கியங்களை முடிக்கப் பயின்றேன். பேருந்தில் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பாடக் குறிப்பில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் சிவப்பில் பெரிய முற்றுப்புள்ளி வைத்தேன். வகுப்பில் குரல் மேலே ஏறப் போகும் இடத்தில் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொள்வேன், படி இறங்குகிறவள் கைப்பிடியைப் பிடிப்பதுபோல. விதை முளைக்க ஈரம் தேவை, முற்றுப்புள்ளி. வெளிச்சம் தேவையில்லை, முற்றுப்புள்ளி. வானொலிச் செய்தி மாதிரி இருந்தது.

ஒரு விஷயத்தை நான் இங்கே சொல்லாமல் விட்டுவிட்டேன். பிப்ரவரிக்கு முன்பே, மீராவைப் பார்த்து முன் வரிசைப் பையனும், அவனைப் பார்த்து இன்னும் ஏழெட்டு பேரும் முடிக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு. ஆய்வாளர் முன்னால் விளையாடக் கூடாது என்று நாகரிகமாக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இப்போது நான் பாதியில் நிறுத்துவதே இல்லை என்றதும் வகுப்பு உப்பில்லாமல் போனது. மூன்றாவது வாரம் மீரா மேசைக்கு வந்தாள்.

“மதாம், உடம்பு சரியில்லையா?”

“ஏன்?”

“எல்லாத்தையும் நீங்களே சொல்லிடுறீங்க.” இதைத் தமிழில் சொன்னாள். தோழிகள் பக்கத்தில்தான் நின்றார்கள். அவள் அதைக் கவனித்தாளா என்று தெரியவில்லை.

7

மே மாதம், இரண்டாவது வருகை. அன்றைய பாடம் தண்ணீர் கொதிப்பது. பாதி வகுப்பு, பதினான்கு பேர், நான்கு குழுக்கள். மின்சார அடுப்பு, பீக்கர், தாங்கியில் கட்டிய தெர்மாமீட்டர். ஒவ்வொரு நிமிடமும் வெப்பநிலையை அட்டவணையில் எழுத வேண்டும். எண் ஏறிக்கொண்டே போகும், பிறகு ஓரிடத்தில் நின்றுவிடும். குமிழிகள் கொந்தளித்தாலும் எண் நகராது. இதைக் கண்ணால் காணும்போது பதினோரு வயதில் வாய் பிளக்காத பிள்ளை கிடையாது.

ஆய்வாளர் அதே கடைசி மேசையில். நான் முற்றுப்புள்ளிகளோடு நடந்தேன். அங்கியின் பொத்தானைப் போடுங்கள். அடுப்பைத் தொடாதீர்கள். கண்ணாடி அணியுங்கள். எல்லாம் முழு வாக்கியங்கள்.

ஊரில் இந்தச் சோதனையை நான் பார்த்ததே இல்லை. பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, முடிவு. பீக்கரை ஸ்கேல் வைத்து அழகாக வரைந்து, குமிழிகளை வட்டமாகப் போட்டு, முடிவில் நூறு டிகிரி என்று எழுதி, டீச்சரிடம் ‘குட்’ வாங்கியிருக்கிறேன். அந்த ‘குட்’டுக்காகத் தண்ணீர் ஒரு முறைகூடக் கொதிக்கவில்லை.

பதினோராம் நிமிடம் வாக்கில் நான்கு பீக்கர்களும் கொதித்தன. கண்ணாடியில் ஆவி படிந்தது. மீராவின் குழு குதித்தது. “நிற்கிறது மதாம்! அசையவே இல்லை!” நானும் குனிந்து பார்த்தேன். நிற்கிறது. கொந்தளிக்கிறது, ஆனால் எண் நிற்கிறது. எனக்கு ஆய்வாளர் மறந்துபோனார். மேசை விளிம்பு மறந்துபோனது. பலகைக்குப் போய், சந்தோஷத்தில் திரும்பி, குரலை ஒரு படி தூக்கிவிட்டேன்.

“ஆகவே தண்ணீர் கொதிப்பது...?”

சொன்ன பிறகுதான் உறைத்தது. கடைசி மேசையில் பேனா நிமிர்ந்தது. ஒரு விநாடி, வாழ்க்கையில் அவ்வளவு நீளமான விநாடியை நான் பார்த்ததில்லை.

“தொண்ணூற்றெட்டில்!” என்றது முதல் மேசை.

“தொண்ணூற்றேழு!”

“தொண்ணூற்றொன்பதரை!”

“நூற்றி மூன்று!” இது மீரா.

பிறகு ஒரே கூச்சல். “நூற்றி மூன்றா, உங்க தண்ணி என்ன ஸ்பெஷலா?” “உங்களுக்கு வாசிக்கத் தெரியல!” “வந்து பாரேன்!”

நான் சாக்பீசோடு நின்றேன். நம் ஊர் வகுப்பில் இந்த இடத்தில் அறுபது வாயும் ஒரே நூறைச் சொல்லியிருக்கும். எனக்குத் தெரிந்த வாழ்க்கையில் பாதி வாக்கியத்துக்கு இரண்டு முடிவு வந்ததே இல்லை. தப்பு, எல்லோரும் தப்பு, நூறு, எழுதிக்கொள்ளுங்கள். இது என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் ஒரு முழு வாக்கியமும் கிடைத்திருக்கும்.

சொல்லவில்லை. நான்கு எண்களையும் பலகையில் எழுதினேன். பதில் எனக்கே தெரியாமல்தான் கேட்டேன்: “ஒரே குழாய்த் தண்ணீர். ஒரே அறை. ஏன் வேறு வேறு?”

அதற்குப் பிறகு நான் அதிகம் பேசவில்லை. தெர்மாமீட்டர் பழசு என்றான் ஒருவன். மாற்றிப் பார்க்கலாமா என்றாள் இன்னொருத்தி; முதல் மேசையின் தெர்மாமீட்டரும் இரண்டாம் மேசையின் தெர்மாமீட்டரும் இடம் மாறின, எண்ணும் கூடவே இடம் மாறியது. “தண்ணீர் இல்லை, கருவிதான்!” என்று கத்தினார்கள். மீரா தன் பீக்கரையே முறைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, “மதாம், எங்க தெர்மாமீட்டர் அடியைத் தொடுது. நாங்க அடுப்போட சூட்டை அளந்திருக்கோம்” என்றாள். தூக்கிக் கட்டினார்கள். தொண்ணூற்றொன்பதுக்கு இறங்கியது. அந்தக் குழு கைதட்டியது, தங்கள் தவறுக்குத் தாங்களே.

மணி அடித்தது. முடிவு என்று குறிப்பேட்டில் எதையும் எழுதவில்லை. “மதாம், முடிவை எந்தக் கலரில் எழுதணும்?” என்று வாசலில் நின்று கேட்டார்கள். “அடுத்த வகுப்பில்” என்றேன்.

8

பிள்ளைகள் போன பிறகு ஆய்வாளர் எதிரில் உட்கார்ந்தார். அறை முழுக்க ஆவி வாசனை.

“அந்தப் பாதி வாக்கியம். அது ஒரு முறையா?”

யாழினி சொன்ன ‘பாதிவிடு முறை’ ஞாபகம் வந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் அதை எழுதிக்கொள்ளத் தயாராகப் பேனாவைக்கூடப் பிடித்திருந்தார்.

“இல்லை” என்றேன். “பழக்கம். நான் படித்த இடத்தில் ஆசிரியர் நிறுத்துவார், வகுப்பு முடிக்கும். ஆனால் அங்கே முடிவு ஒன்றுதான், அது எல்லோருக்கும் முன்பே தெரியும். சொல் மறந்து நான் நிறுத்தவில்லை. ஆனால் நான்கு முடிவு வரும் என்று தெரிந்தும் நிறுத்தவில்லை. அது இன்றைக்குத்தான் நடந்தது.”

“எல்லோரும் தவறாகச் சொன்னபோது நீங்கள் ஏன் நூறு என்று சொல்லவில்லை?”

“அவர்கள் தவறாகச் சொல்லவில்லையே. பார்த்ததைத்தானே சொன்னார்கள்.”

அவர் அதை எழுதிக்கொண்டார். பிறகு, முடிவை எழுத வைக்காமல் வகுப்பை முடித்தது குறைதான் என்று சொன்னார். சரிதான், குறைதான். கதவருகே போய்த் திரும்பினார். “எழுபதுக்கு மேல் எண்களைக் கொஞ்சம் பயிற்சி செய்யுங்கள்.”

ஜூன் கடைசியில் கடிதம் வந்தது. பேச்சு மொழி போதுமானது. ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குப் புதுப்பிக்கப்படுகிறது. கீழே ஒரு வரி: ‘தொடங்கிவிட்டு மாணவர்களை முடிக்கச் செய்யும் கேள்விகளைப் பாடத் திட்டத்தில் முன்கூட்டியே குறிப்பிடவும்.’ இப்போது என் பாடக் குறிப்புகளில் சிவப்பு முற்றுப்புள்ளிக்குப் பக்கத்தில் பச்சையில் மூன்று புள்ளிகளும் உண்டு. நான்கு நிறப் பேனாவுக்கு எனக்கும் பயன் வந்துவிட்டது.

9

ஆகவே ஷரீபா அக்கா, நஸ்ரினிடம் இதைச் சொல்லுங்கள். வரிசையில் நிற்கணும், பருத்தி அங்கி, பேனா. இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். மொழி ஆறு மாதம். சேர்ந்து சொல்ல ஒரு வகுப்பே இல்லாமல் தனியாகக் கை தூக்கித் தன் பதிலைச் சொல்ல வேண்டியிருக்கும், அதுதான் கஷ்டம். தெர்மாமீட்டர் தொண்ணூற்றேழு காட்டினால் தொண்ணூற்றேழு என்றே எழுதட்டும். புத்தகத்தில் நூறு என்று இருக்கிறதே என்று அடித்து மாற்ற வேண்டாம். அடித்தால்தான் இங்கே மதிப்பெண் போகும்.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் யாழினியிடமிருந்து ஒரு குரல் செய்தி. என் கதையைக் கேட்டதிலிருந்து அவளுக்குக் கை அரித்திருக்கிறது. பள்ளியின் ஒரே தெர்மாமீட்டரை பீரோவிலிருந்து கெஞ்சி வாங்கி, வீட்டிலிருந்து மின் அடுப்பைத் தூக்கிப் போய், ஆறாம் வகுப்பில் தண்ணீர் காய்ச்சியிருக்கிறாள். பின்னணியில் விசிறிச் சத்தம், பெஞ்சு இழுபடும் சத்தம். அவள் குரல் ஒரு படி மேலே ஏறுகிறது.

“அப்ப தண்ணி கொதிக்கிறது எத்தனை டிகிரி? நூ...?”

“று!”

என்ன ஒரு கூட்டுக் குரல். காரைக்காலே அதில் இருந்தது. அது அடங்கியதும், முன் பெஞ்சிலிருந்து மெல்லிய ஒரு பெண் குரல்:

“டீச்சர்... இதுல தொண்ணூத்தெட்டுதான் டீச்சர் இருக்குது.”

செய்தி அங்கேயே அறுந்துவிட்டது. நான் உடனே அவளை அழைத்தேன்.

“அப்புறம் என்னடி சொன்னே?”

“எனக்கும் நாக்கு நுனிவரைக்கும் வந்துச்சுக்கா, ‘நூறுதான், ஒக்காரு’ன்னு. அப்புறம், நீ வந்து சரியாப் பாரும்மான்னு கூப்புட்டேன். அவ பார்த்துட்டு மறுபடியும் தொண்ணூத்தெட்டுங்குறா. ஒடனே பக்கத்துல இருக்குறவ, நான் பாக்குறேன் டீச்சர்ங்குறா. இப்ப அம்பத்திரெண்டு பேரும் பாக்கணுமாம். தெர்மாமீட்டர் ஒண்ணுதானே இருக்கு, வராந்தா வரைக்கும் வரிசை நிக்குது.”

“பாடம்?”

“பாடமா? தண்ணியே வத்திப் போச்சுக்கா. மறுபடி ஊத்திக் காய்ச்சிட்டு இருக்கேன். போனை வை.”